வலி நின்ற பல்

(நூலக வாசகர் வட்டத்தின் மாதக் கூட்டத்தில் பல் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பல் மருத்துவரை மேடையில் ஏற்றினால் பல் துலக்குவதைப் பற்றித்தான் பேசுவார் என்று நினைத்து வந்திருப்பீர்கள். அதை உங்கள் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்திலேயே நிறையச் சொல்லிவிட்டார்கள். நான் பேச வந்தது வேறு. "இந்தப் பல்லுக்கு ரூட் கெனால் பண்ணணும்" என்று ஒரு மருத்துவர் சொன்னதும் நாற்காலியில் படுத்திருப்பவர் மனதில் மூன்று சந்தேகம் எழும். கட்டாயம் பண்ணித்தான் ஆகணுமா? பிடுங்கிப் போட்டால் என்ன? இவர் காசுக்காகச் சொல்கிறாரா? மூன்றாவதை யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை, முகத்தில் எழுதியிருக்கும். மூன்றுமே நியாயமான சந்தேகங்கள்தான். அவற்றுக்குப் பதில் தெரிய வேண்டுமானால் பல்லுக்குள் கொஞ்சம் போய்ப் பார்க்க வேண்டும்.

வெளியே தெரிகிற வெள்ளைப் பகுதி எனாமல். உடம்பிலேயே மிகக் கடினமான பொருள் அதுதான். எடையில் ஏறக்குறைய 96 சதவீதம் தாது உப்பு. அதற்குள்ளே டென்டின், சற்று மஞ்சளாக, சற்று மென்மையாக. அதற்கும் நடுவே ஒரு சிறு அறை. அந்த அறையிலிருந்து வேர் நுனி வரை இறங்குகிற குழாய்களில் ரத்தக் குழாயும் நரம்பும் சேர்ந்த ஓர் உயிருள்ள சதை இருக்கிறது. பாடப் புத்தகத்தில் பற்கூழ் என்பார்கள். நீங்கள் எல்லோரும் நரம்பு என்றே சொல்கிறீர்கள், நானும் அப்படியே சொல்லிக்கொண்டு போகிறேன்.

கையில் முள் குத்தினால் அந்த இடம் சிவந்து வீங்கும், நாலு நாளில் ஆறிவிடும். வீங்குவதற்கு அங்கே இடம் இருக்கிறது. பல்லுக்குள் இருக்கும் நரம்புக்கு அந்த வசதி இல்லை. சுற்றிலும் டென்டின் சுவர். ரத்தம் உள்ளே வருவதும் வெளியே போவதும் வேர் நுனியில் இருக்கும் ஒரு துவாரம் வழியாக. அதன் அகலம் பெரும்பாலும் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. சொத்தை ஆழமாகிக் கிருமி கிட்டே வரும்போது நரம்பு வீங்கப் பார்க்கிறது, இடமில்லாமல் உள்ளே அழுத்தம் ஏறுகிறது. பல்வலி உயிரை வாங்குவதற்கு இந்த இட நெருக்கடி ஒரு பெரிய காரணம்.

இந்த வலி ஒரே மாதிரி வருவதில்லை. அது எப்படி வருகிறது, எப்படிப் போகிறது என்பதைச் சரியாகச் சொல்லத் தெரிந்த நோயாளி பாதி வேலையை எனக்கு மிச்சப்படுத்திவிடுகிறார்.

முதல் கட்டத்தில் ஐஸ்கிரீம் பட்டால் சுருக்கென்று இழுக்கும். இனிப்புப் பட்டாலும் அப்படித்தான். வாயிலிருந்து அது போனதும் சில விநாடிகளில் கூச்சமும் போய்விடும். நரம்பு எரிச்சல்பட்டிருக்கிறதே தவிர, தேறிவிடக்கூடிய நிலையில் இருக்கிறது. சொத்தையைச் சுரண்டி எடுத்துவிட்டு அடைத்தால் போதும். இந்த ஒரு அறிகுறியை மட்டும் வைத்துக்கொண்டு யாராவது ரூட் கெனால் என்று சொன்னால், தயங்காமல் இன்னொருவரிடமும் காட்டுங்கள்.

அடுத்த கட்டம் வேறு. குளிர்ந்த தண்ணீரை விழுங்கி முடித்தும் வலி அடங்காமல் நிமிடக் கணக்கில் இழுத்துக்கொண்டே இருக்கும். பிறகு சூடான காபி ஆகாது. அப்புறம் எதுவும் படாமலே, தானாகவே வலிக்கும். ராத்திரி படுத்தால் தலைப்பக்கம் ரத்த அழுத்தம் ஏறும், வலியும் ஏறும், ஆள் எழுந்து உட்கார்ந்துவிடுவார். எந்தப் பல் என்று கேட்டால் காட்டத் தெரியாது. மேலா கீழா என்பதிலேயே குழப்பம் இருக்கும். காது, பொட்டு, கன்னம் எல்லாம் சேர்ந்து வலிக்கும். ஆனால் இடப்பக்கத்துப் பல்லின் வலி வலப்பக்கம் தாண்டாது. இதன் கடைசியில் ஒரு விசித்திரம் நடக்கும். இதுவரை எதிரியாக இருந்த குளிர்ச்சி இப்போது இதமாகிவிடும். ஐஸ் தண்ணீர் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு வாய் வாயாகக் கொப்பளித்தபடி ஒருவர் உள்ளே நுழைந்தால், அவர் உட்காருவதற்கு முன்பே எனக்கு முக்கால்வாசி விஷயம் தெரிந்துவிடும். அந்த நரம்பு தானாகத் தேறும் என்று காத்திருப்பதில் பலனில்லை.

மூன்றாவது கட்டத்தைத்தான் பலர் குணமாகிவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். வலி திடீரென்று நின்றுபோகிறது. "மாத்திரை கேட்டுச்சு டாக்டர்" என்கிறார்கள். மாத்திரை கேட்கவில்லை, நரம்பு செத்துப்போயிருக்கிறது. செத்த சதைக்கு வலி ஏது? ஆனால் கிருமிக்கு அங்கே சாப்பாடு இருக்கிறது. ரத்த ஓட்டம் நின்றுவிட்டதால் உடம்பின் காவல்படையும் உள்ளே வர முடியாது, நீங்கள் விழுங்குகிற ஆன்டிபயாட்டிக்கும் வர முடியாது. அந்தக் கிருமிகள் வேர் நுனி வழியாக வெளியேறி எலும்பை அரிக்கத் தொடங்கும். எலும்பில் தாது கணிசமாகக் கரைந்த பிறகுதான் எக்ஸ்ரேயில் வேர் நுனியில் கருப்பாக ஒரு வட்டம் தெரியும். அதற்கு வாரங்கள் ஆகலாம், மாதங்களும் ஆகலாம். இடைப்பட்ட காலத்தில் படமும் சுத்தமாக இருக்கும், வலியும் இருக்காது.

ஒரு அம்மா வந்திருந்தார். பொங்கலை ஒட்டி நாலு நாள் துடித்திருக்கிறார். மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டதும் நின்றுவிட்டது. ஆடி மாதம் அவர் என்னிடம் வந்ததே பேரனுக்குப் பல் காட்டத்தான். பேச்சோடு பேச்சாக, "ஈறுல சின்னதா ஒரு பரு தம்பி, அப்பப்ப உடையும், உப்புத் தண்ணி கொப்பளிச்சாப் போயிடும், அது ஒண்ணும் பண்ணல" என்றார். பார்த்தேன். கீழ்க் கடைவாயில் இரண்டு பற்களுக்கு நடுவே, அரிசி மணி அளவுக்கு ஒரு பரு, நுனியில் ஒரு துளி சீழ். எந்தப் பல் வலித்தது என்று கேட்டால் பின்பல்லைக் காட்டுகிறார். நாங்கள் ஒரு வேலை செய்வோம். வேரை அடைக்கப் பயன்படுத்துகிற மெல்லிய இளஞ்சிவப்புக் குச்சி ஒன்று இருக்கிறது. அதை அந்தப் பருவின் துளைக்குள் மெதுவாகச் செருகுவோம். அது சீழ் வந்த பாதையிலேயே வளைந்து வளைந்து உள்ளே போகும், வலிப்பது அநேகமாக இல்லை. அப்படியே எக்ஸ்ரே எடுத்தால் குச்சியின் முனை குற்றவாளியைத் தொட்டுக்கொண்டு நிற்கும். அந்த அம்மாவின் குச்சி போய் நின்றது அவர் காட்டிய பல்லில் இல்லை. அதற்கு முன்னால் இருந்த, வெளியிலிருந்து பார்த்தால் பழைய அடைப்போடு நல்லபடியாக இருந்த பல்லில். சொன்னதை நம்பி அவர் காட்டிய பல்லைப் பிடுங்கியிருந்தால் நல்ல பல் போயிருக்கும், பரு அங்கேயே இருந்திருக்கும்.

சீழுக்கு இப்படி வடிகால் கிடைத்தால் அதிர்ஷ்டம். கிடைக்காவிட்டால் முகம் வீங்கும். கீழ்க் கடைவாய்ப் பற்களின் வேர் நுனி தாடைக்குக் கீழே இருக்கும் இடைவெளிக்கு மிக அருகில் இருப்பதால், சீழ் அந்தப் பக்கம் இறங்கினால் நாக்கு மேலே தூக்கிக்கொள்ளும், விழுங்க முடியாது, மூச்சு அடைக்கும். ஜெர்மானிய மருத்துவர் வில்ஹெல்ம் ஃபிரெடெரிக் ஃபான் லுட்விக் இதை 1836-இல் விவரித்தார், இன்றும் அவர் பெயரால்தான் வழங்குகிறது. தாடைக்குக் கீழே வீக்கம், வாய் திறக்கவில்லை, எச்சில் விழுங்கக் கஷ்டம் என்றால் பல் ஆஸ்பத்திரிக்கு டோக்கன் போட்டுக் காத்திருக்காதீர்கள், பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

சரி, நரம்பு உயிரோடு இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? எக்ஸ்ரே அதைச் சொல்லாது. எலும்பையும் சொத்தையின் ஆழத்தையும்தான் அது காட்டும். ஒரு பஞ்சு உருண்டையில் குளிர் ஸ்பிரே அடித்து, உறைபனி படிந்ததும், முதலில் பக்கத்தில் இருக்கும் நல்ல பல்லில் வைப்போம். "சுருக்குன்னதும் கையைத் தூக்குங்க, நின்னதும் இறக்குங்க." உங்கள் நல்ல பல் எப்படிப் பதில் சொல்கிறது என்று தெரிந்த பிறகுதான் சந்தேகப் பல்லில் வைப்போம். கை தூக்கி உடனே இறங்கினால் ஒரு செய்தி. இறங்காமல் நின்றால் ஒரு செய்தி. கை எழவே இல்லை என்றால் இன்னொரு செய்தி. பிறகு கருவியின் பின்பக்கத்தால் ஒவ்வொரு பல்லாக மெல்லத் தட்டிப் பார்ப்போம். மொத்தம் ஐந்து நிமிட வேலை. உங்கள் மூன்றாவது சந்தேகத்துக்கு மருந்து இங்கே இருக்கிறது. இந்தச் சோதனை எதுவும் இல்லாமல், படத்தைத் தூக்கிக் காட்டி மட்டும் ஒருவர் முடிவு சொன்னால், "குளிர் வைத்துப் பார்த்தீர்களா?" என்று கேளுங்கள். நல்ல மருத்துவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பல்லே காரணமில்லாத பல்வலியும் உண்டு. சளி கட்டி சைனஸ் நிரம்பினால் மேல் கடைவாய்ப் பற்கள் நாலைந்து சேர்ந்தாற்போல் வலிக்கும், குனிந்தால் அதிகமாகும். முகத்தில் கரண்ட் அடித்தாற்போல விநாடிக்கணக்கில் வெட்டிவிட்டுப் போகும் நரம்பு நோய் ஒன்று இருக்கிறது. அதைப் பல்வலி என்று நினைத்து வரிசையாகப் பற்களைப் பிடுங்கிக்கொண்டவர்களைப் பல் மருத்துவம் படித்த எவரும் பார்த்திருப்பார்கள். மாடிப்படி ஏறினால் கீழ்த்தாடை வலிக்கிறது, உட்கார்ந்தால் நிற்கிறது என்று ஒருவர் சொன்னால் நான் வாயைத் திறக்கச் சொல்வதில்லை, ஈசிஜி எடுக்க அனுப்புகிறேன்.

பல்லுக்குள் என்னதான் நடக்கிறது என்பதை மனிதர்கள் புரிந்துகொள்ள நெடுங்காலம் ஆனது. பூச்சி அரிக்கிறது என்றுதான் பாபிலோன் காலத்திலிருந்து நம்பினார்கள். நம் ஊரிலும் சொத்தைப் பல்லுக்குப் பூச்சிப்பல் என்றுதானே பெயர்? கண்டங்கத்திரி வித்தைச் சுட்டு அந்தப் புகையை வாயில் பிடித்தால் பூச்சி விழும் என்று செய்தவர்கள் இந்த அவையிலேயே இருக்கலாம். பாரிஸில் 1728-இல் புத்தகம் எழுதிய பியர் ஃபோஷார், நுண்ணோக்கியில் தேடியும் பூச்சி எதுவும் கிடைக்கவில்லை என்று மறுத்தார். அவர் சொன்னது சரி. ஆனால் அவர் தேடிய புழுவைவிட ஆயிரம் மடங்கு சிறிய உயிர்கள் அங்கே இருந்தன.

கிருமி என்று தெரிந்த பிறகு அடுத்த கூத்து ஆரம்பித்தது. 1910-இல் லண்டன் மருத்துவர் வில்லியம் ஹன்டர், கனடாவின் மான்ட்ரியால் நகரில் உள்ள மெக்கில் பல்கலைக்கழகத்தில் பேசினார். அழுகிய பற்களின் மேல் தங்க உறை மாட்டுகிற பல் மருத்துவத்தைக் கிழித்துப்போட்டார். உடம்பின் பல நோய்களுக்கு வாயிலுள்ள சீழே மூலம் என்றார். அவர் கண்ட சீழ் பொய்யில்லை, அதிலிருந்து அவர் எட்டிய முடிவுதான் எல்லை மீறியது. அதன் பிறகு அமெரிக்காவில் மூட்டு வலியா, பல்லை எடு. வயிற்று வலியா, பல்லை எடு என்று ஆயிற்று. நியூ ஜெர்சியில் டிரென்டன் மனநல மருத்துவமனைத் தலைவராக இருந்த ஹென்றி காட்டன், பைத்தியத்துக்கே பல்தான் காரணம் என்று நோயாளிகளின் பற்களை மொத்தமாகப் பிடுங்கினார், பிறகு குடலையும் வெட்டத் தொடங்கினார். பலர் செத்தார்கள். தன் சொந்தப் பிள்ளைகளின் பற்களையும் அவர் எடுக்க வைத்தார் என்பதால் அவருடைய நம்பிக்கையில் எனக்குச் சந்தேகமில்லை. 1930களின் இறுதியில் ரஸ்ஸல் செசில் போன்ற மருத்துவர்கள் கணக்குப் பார்த்து, பல்லை எடுத்ததால் மூட்டு நோய் குணமாகவில்லை என்று காட்டிய பிறகுதான் அலை ஓய்ந்தது. இன்று வாட்ஸ்அப்பில் "ரூட் கெனால் செய்தால் கேன்சர் வரும்" என்று வருகிற செய்தி இந்தப் பழைய அலையின் மிச்சம்தான். ஆதாரம் இல்லை.

1965-இல் ஓர் அழகான சோதனை நடந்தது. ககேஹாஷி, ஸ்டான்லி, ஃபிட்ஸ்ஜெரால்டு என்ற மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் இரண்டு கூட்டம் எலிகளை எடுத்துக்கொண்டார்கள். ஒரு கூட்டம் சாதாரண எலிகள். மற்றது பிறந்ததிலிருந்து ஒரு கிருமிகூடப் படாமல் வளர்க்கப்பட்டவை. இரண்டின் பல்லிலும் நரம்பு வரை துளை போட்டுத் திறந்தே விட்டார்கள். சாதாரண எலிகளின் நரம்பு அழுகிச் சீழ் கட்டியது. கிருமியில்லா எலிகளின் துளைக்குள் உணவும் முடியும் போய் அடைத்திருந்தன. இருந்தும் நரம்பு சாகவில்லை, தானே புது டென்டின் சுரந்து துளையை மூடிக்கொண்டது. துளை விழுந்ததாலோ, குப்பை போனதாலோ நரம்பு சாகவில்லை. கிருமியால் செத்தது. நாங்கள் இன்று செய்கிற ரூட் கெனாலின் ஒவ்வொரு படியும் இந்த ஒரு செய்தியைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறது.

முதலில் ஊசி போட்டு மரக்கச் செய்வோம். பிறகு பல்லைச் சுற்றி ஒரு ரப்பர் திரையை மாட்டுவோம், எச்சில் உள்ளே போகாமல் இருக்க. நியூயார்க் பல் மருத்துவர் சான்ஃபோர்டு பார்னம் 1864-இல் கண்டுபிடித்தது. மூச்சு முட்டுமோ என்று சிலர் பயப்படுவார்கள், மூக்கு வெளியேதான் இருக்கும். திரை போடாமல் செய்கிற ரூட் கெனாலை நான் அரை வேலை என்பேன். மேலே ஒரு வாசல் வெட்டி, நுண்ணிய அரங்களைக் குழாய்க்குள் இறக்குவோம். 1838 வாக்கில் எட்வர்டு மேனார்டு என்பவர் கடிகாரச் சுருள்வில்லைத் தேய்த்து இதற்கொரு கருவி செய்தார். இன்று நிக்கல்–டைட்டானியம் கலவையில் வருகிறது, வளைந்த வேரில் தானும் வளைந்து போகும். குழாய் என்றதும் நேராக ஒரு துளையை நினைத்துவிடாதீர்கள். சூரிச்சைச் சேர்ந்த வால்டர் ஹெஸ் ஆயிரக்கணக்கான பற்களின் குழாய்களுக்குள் ரப்பரைச் செலுத்தி இறுக வைத்து, பல்லைக் கரைத்துவிட்டு உள்ளிருந்த வடிவத்தை எடுத்துப் பார்த்தார். கல்லணைக்குக் கீழே காவிரி பிரிகிற மாதிரி கிளை, கிளைக்குக் கிளை, மறுபடி சேர்வது என்று இருந்தது. மேல் முதல் கடைவாய்ப் பல்லுக்கு மூன்று வேர், ஆனால் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குக் குழாய் நாலு. அந்த நாலாவதைத் தேடாமல் விட்டால் சிகிச்சை பல வருஷம் கழித்துக்கூடத் தோற்கும்.

இத்தனை கிளைக்குள் அரம் போகாது. அதனால் மருந்து நீரால் கழுவுகிறோம். சோடியம் ஹைப்போகுளோரைட், துணி வெளுக்கும் திரவத்தின் இனம்தான். முதல் உலகப் போரில் ஹென்றி டாக்கின் சிப்பாய்களின் புண்ணைக் கழுவப் பயன்படுத்தியது. நாற்காலியில் படுத்திருப்பவருக்கு நீச்சல் குளத்து வாடை வரும். கிருமியைக் கொல்வதோடு செத்த சதையையும் அது கரைத்துவிடும். பிறகு காகிதக் குச்சியால் ஈரத்தை ஒற்றி எடுத்து, நான் முன்பு சொன்ன இளஞ்சிவப்புக் குச்சிகளால் அடைக்கிறோம். அதன் பெயர் கட்டா பெர்ச்சா. மலாயாக் காட்டு மரத்தின் பால். 1871-இல் சென்னையிலிருந்து பினாங்குக்குக் கடலுக்கடியில் தந்திக் கம்பி போட்டபோது, உப்புத் தண்ணீர் உள்ளே புகாமல் அந்தக் கம்பியை மூடியிருந்ததும் இதே பால்தான். கடலிலும் பல்லிலும் அதற்கு ஒரே வேலை.

அடைத்ததும் வலி போய்விடும். அதோடு பாதிப் பேர் காணாமல் போய்விடுகிறார்கள். "கேப் அப்புறம் போட்டுக்கலாம்." இதில்தான் எனக்கு உண்மையிலேயே கோபம் வரும். கடைவாய்ப் பல்லில் சொத்தையும் போய், வாசலும் வெட்டியாயிற்று, மிச்சம் நிற்பது மெல்லிய சுவர்கள். மேலே உறை, அதாவது கேப், இல்லாமல் ஒரு முறுக்கைக் கடித்தால் நெடுக்காகப் பிளக்கும். பிளவு வேர் வரை போனால் அந்தப் பல்லை யாராலும் காப்பாற்ற முடியாது. கேப்புக்குக் காசு இப்போது இல்லை என்றால் அதை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள், சிகிச்சையை வேறு மாதிரி யோசிக்கலாம். பிடுங்குவதும் சிகிச்சைதான். ஈறுக்குக் கீழே வரை உடைந்த பல், ஈறு நோயால் ஆடுகிற பல், எதிரே கடிக்க ஜோடியில்லாத ஞானப்பல் இவற்றுக்கு ரூட் கெனால் செய்வது வீண். மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போகும் என்கிறார்களே, அது போகாது.

கடைசியாகக் குழந்தைகள். ஆறு வயதில், பால் பற்களுக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே ஒரு கடைவாய்ப் பல் முளைக்கிறது. விழாமல் முளைத்ததால் அதையும் பால் பல் என்றே பெற்றோர் நினைத்துவிடுகிறார்கள். எட்டு வயதில் சொத்தையோடு வரும்போது, "விழுந்து முளைக்கிற பல்தானே சார், விட்டுடலாமா?" என்பார்கள். அது நிரந்தரப் பல். அதற்கு முன்னால் இருக்கும் பால் கடைவாய்ப் பற்களே பத்து, பன்னிரண்டு வயது வரை இருக்க வேண்டியவை. இந்த ஆறு வயதுப் பல்லோ ஆயுள் முழுக்க.

அந்தப் பல் முளைத்து மூன்று வருஷம் வரை அதன் வேர் முடிவதில்லை, நுனி திறந்தே இருக்கும். வேரை வளர்த்து முடிப்பது உள்ளே இருக்கும் நரம்புதான். அதனால் அங்கே நரம்பை எடுத்துவிட அவசரப்படுவதில்லை. கெட்டுப்போன மேல் பகுதியை மட்டும் வெட்டி, ரத்தம் நிற்கிறதா என்று சில நிமிடம் பஞ்சு வைத்துப் பார்ப்போம். நின்றால் கீழே இருப்பது நல்ல சதை. அதன் மேல் 1990களில் வந்த எம்டிஏ என்ற சிமென்டை வைத்து மூடினால், அந்த எலிகளைப் போலவே, நரம்பு தனக்கொரு கூரை போட்டுக்கொண்டு வேரை வளர்க்கும். இதே முறையைப் பெரியவர்களின் பல்லிலும், ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்த பல்லில்கூட, செய்யலாம் என்று இப்போது கருத்து மாறி வருகிறது. 2019-இல் ஐரோப்பிய ரூட் கெனால் நிபுணர்கள் சங்கமும், 2021-இல் அமெரிக்கச் சங்கமும் நரம்பைக் காப்பாற்றும் சிகிச்சைக்கு ஆதரவாக அறிக்கை வெளியிட்டன. நான் படித்த காலத்தில் இப்படிச் சொல்லியிருந்தால் தேர்வில் ஃபெயில் போட்டிருப்பார்கள். எல்லாப் பல்லுக்கும் இது ஆகாது. உள்ளே திறந்து, ரத்தம் வருவதையும் நிற்பதையும் கண்ணால் பார்த்த பிறகே முடிவு செய்ய முடியும். ஆகவே "திறந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்று உங்கள் மருத்துவர் சொன்னால், அவருக்குத் தெரியவில்லை என்று நினைத்துவிடாதீர்கள்.

கேள்விகளைத் தாளில் எழுதித் தரச் சொல்லியிருந்தார்கள். முதல் வரிசையிலிருந்து வாங்கி வாருங்கள்.